குறையும் குற்றமும்

நீதவான் முன்னிலையில் நிறுத்தப்படும் ஒருவர், குற்றச்சாட்டு வாசித்துக் காட்டப்பட்டதும், தம்மைக் குற்றவாளி என்றோ சுற்றவாளி என்றோ கூறுதல் வேண்டும். இலங்கை நீதிமன்றத் தமிழில் வழங்கும் இவ்விரு சொற்களும் ஒரு வழக்கை நடத்தி முடித்தற்குப் போதுமானவை. ஆயின், ஒரு மனிதரின் நடத்தையை மதிப்பிடுதற்கும் இவை போதுமா என்பது வேறு வினா. தமிழ் மொழி குறை, தவறு, குற்றம் என்பவற்றை வேறு வேறு பொருளிலேயே வழங்கி வந்துள்ளது. வாகனத்தின் விளக்கு எரியாதிருத்தல் குறை. சிறிது கவனித்திருந்தால் அறிந்திருக்கக் கூடியதைக் கவனியாது விடுதல் தவறு. எரியவில்லை என நன்கு தெரிந்திருந்தும் இருளில் ஆட்களை ஏற்றிச் செல்லுதல் குற்றம். இம்மூன்றும் ஒரே தண்டச் சீட்டில் ஒரே வரியாக எழுதப்படும்பொழுது தோன்றும் ஒழுக்கவியற் சிக்கலே இக்கட்டுரையின் பொருளாகும். வாகனத்திற் குறை இருந்தது உண்மையே எனின், அதன்பொருட்டு விதிக்கப்பட்ட தண்டத்தை எதிர்த்து வழக்காடுதல் அறமாகுமா?

தண்டச் சீட்டு அற்பமானதொரு விடயம் எனவும், தத்துவ ஆராய்ச்சிக்கு உரியதன்று எனவும் கருதுவோர் உளர். கொலை, கொள்ளை, அரசத்துரோகம் ஆகியன பற்றிய வழக்குகளிலேயே நீதியின் இயல்பு வெளிப்படும் என அவர்கள் எண்ணுவர். ஆனால் குடிமக்களுட் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் இத்தகைய வழக்கொன்றனுள் அகப்படுவதேயில்லை. அரசின் அதிகாரத்தை அவர்கள் நேருக்கு நேர் காண்பது வீதியோரத்தில், மறிக்கும் கையொன்றின் முன்னாலேயாம். அரசு தன்னைச் செவிமடுக்குமா, தான் கூறும் உண்மைக்கு ஏதேனும் மதிப்புண்டா என்னும் எண்ணம் சாதாரண மனிதரின் உள்ளத்தில் உருவாவது அங்கேதான். ஆதலின், சிறிய தொகை என்பதனால் இவ்வினா சிறிய வினாவாகிவிடாது.

பதுளை மாவட்டத்திலும் ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களிலும் இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை எனப் பரந்து கிடக்கும் மலைச்சரிவுகளில் அமைந்த தோட்டப் பாதைகள், கொழுந்தையும் தேயிலைப் பெட்டிகளையும் கொண்டுசெல்லும் நோக்குடனேயே வெட்டப்பட்டவை. புகையிரதம் 1924ஆம் ஆண்டிலேயே பதுளையை வந்தடைந்துவிட்டது. எனினும் லயன்களிலிருந்து பிரதான வீதிக்கும், அங்கிருந்து வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் செல்லும் வழி இன்றும் கரடுமுரடானது. முன்னர் நோயாளியைக் கொழுந்து லொறியிற் கிடத்திக் கொண்டுசென்ற மக்களுக்கு இன்று பெருந்துணையாயிருப்பது முச்சக்கர வண்டியே. அதனை ஓட்டுவோர் பலர் தோட்டத்திலே பிறந்து, கொழுந்து பறிக்கும் தொழிலிலிருந்து விலகி வாழ முயலும் இளைஞர்கள். சிலர் வண்டியைத் தவணைக் கடனிற் பெற்றிருப்பர். வேறு சிலர் பிறருடைய வண்டியை நாள் வாடகைக்கு ஓட்டுவர்.

ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்ளலாம். பசறைப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இவ்வாறு வாடகைக்கு எடுத்த வண்டியில், காய்ச்சலால் வருந்தும் குழந்தையையும் அதன் தாயையும் ஏற்றிக்கொண்டு இரவிற் புறப்படுகின்றார். புறப்படுமுன் விளக்குகளைப் போட்டுப் பார்க்கின்றார், யாவும் எரிகின்றன. குழிகள் நிறைந்த பாதையில் மூன்று மைல் இறங்கிப் பிரதான வீதியை அடைந்ததும் பொலிஸார் மறிக்கின்றனர். பின்விளக்கு எரியவில்லை. சாரதியின் ஆசனத்திலிருந்து பார்க்க முடியாத விளக்கு அது. அவர் கூறும் விளக்கம் எதுவாயினும் தண்டச் சீட்டு எழுதப்படுகின்றது. சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றுக்கொள்ளப்படுகின்றது. அதற்கு ஈடாக அச்சீட்டே பதினான்கு நாட்களுக்குத் தற்காலிக அனுமதியாகின்றது. அந்நாட்களுக்குள் தபாலகத்திற் பணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். தவறினால் இருபத்தெட்டு நாட்கள் வரை இரட்டிப்புத் தொகை. அதன் பின்னர் நீதிமன்றம்.

இந்நிலையில் அவ்விளைஞர்முன் மூன்று வழிகள் உள்ளன. பணத்தைச் செலுத்தி விடயத்தை முடித்துக்கொள்ளல் ஒன்று. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது எனப் பொய்யுரைத்து வழக்காடுதல் மற்றொன்று. விளக்கு எரியவில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, ஆயினும் அது தம் குற்றமன்று என வாதாடுதல் மூன்றாவது. இரண்டாவது வழி அறத்துக்குப் புறம்பானது என்பதில் ஐயமில்லை. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலேயே உண்மையான சிக்கல் உள்ளது.

பணத்தைச் செலுத்துவதே முறை என வாதிடுவோரின் கூற்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. விளக்கில்லாத வண்டியின் பின்னால் வரும் லொறிச் சாரதிக்கு, முன்னால் செல்பவரின் மனச்சாட்சி புலப்படாது. இருள் மட்டுமே புலப்படும். மலைவீதியின் விபத்து எண்ணத்தைப் பார்த்து நிகழ்வதன்று. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பஸ் வண்டி பசறைக்கு அண்மையில் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்தபொழுது பதினைந்து பேர் உயிரிழந்தனர். ஒருபுறம் பாறையும் மறுபுறம் வெறும் வெளியுமாக உள்ள வீதியில், பிரேக்கோ சுக்கானோ விளக்கோ சிறிது பிசகினும் அதன் விலை மனித உயிரேயாம். ஒவ்வொரு சாரதியின் உள்ளத்தையும் ஆராய்ந்து, அறிந்து செய்தாரா அறியாது செய்தாரா என வீதியோரத்தில் நின்று தீர்மானித்தல் பொலிஸாரால் இயலாது. குறை இருந்ததெனின் தண்டம் என்னும் கண்டிப்பான விதியே மக்களைக் காக்கும் என்பர்.

இக்கண்டிப்புக்குத் தமிழ் மரபிலும் சிங்கள மரபிலும் புகழ்பெற்ற முன்மாதிரி உண்டு. திருவாரூரிலே தன் மகன் ஊர்ந்த தேரின் சக்கரத்தில் அகப்பட்டு ஒரு கன்று இறந்ததும், தாய்ப் பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததும், மனுநீதிச் சோழன் தன் மகன்மீதே தேரைச் செலுத்தியதும் பெரியபுராணம் கூறும் வரலாறு. அரசகுமாரன் கன்றைக் காணவில்லை, கொல்ல எண்ணவுமில்லை. அமைச்சர்கள் கழுவாய் செய்து முடித்துக்கொள்ளலாம் என்றனர். அரசன் அதற்கு இசையவில்லை. அனுராதபுரத்திலிருந்து ஆட்சி செய்த எல்லாளனைப் பற்றி மகாவம்சமும் இதனையொத்த கதையைக் கூறுகின்றது. வேற்றினத்து அரசனேயாயினும் அவனது நடுவுநிலைமையை அந்நூல் மறையாது போற்றுகின்றது. பதுளைச் சந்தையில் அருகருகே கடை வைத்திருக்கும் இரு இனத்தவரும் ஒரே அறக்கதையைத் தத்தம் நூல்களிலே கொண்டுள்ளனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

ஆயின், மகாவம்சம் எல்லாளனின் தேரைப் பற்றி இன்னொரு நிகழ்ச்சியையும் கூறுகின்றது. அதனைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. அரசன் ஒருமுறை சேதியகிரிக்குச் சென்று மீளுங்கால், அவனது தேரின் நுகமுனை பட்டுத் தாதுகோபமொன்று சிதைவுற்றது. அறியாது நேர்ந்ததே எனினும் அவன் தேரினின்றும் இறங்கி வீதியிற் படுத்து, தன் தலையையும் அச்சக்கரத்தினாலேயே துண்டிக்குமாறு வேண்டினான். அமைச்சர்கள் அதற்கு உடன்படாது, சிதைந்ததைத் திருத்திக் கொடுத்து அமைதி தேடுமாறு அறிவுரை கூறினர். பெயர்ந்து வீழ்ந்த பதினைந்து கற்களை மீளப் பதிப்பிப்பதற்கு அவன் பதினையாயிரம் காசுகளைச் செலவிட்டான் என அந்நூல் முடிக்கின்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கின் இரண்டு உண்மைகள் புலனாகும். முதலாவது, இழந்ததை மீட்க முடியாத இடத்திலேயே மிகக் கடுமையான தண்டனை எழுந்தது. திருத்த முடிந்த இடத்தில் திருத்துதலே தண்டனையாயிற்று. எல்லாளன் செலவிட்ட பணம் அரசிறைக்குச் செல்லவில்லை. உடைந்த கற்களுக்கே சென்றது. இரண்டாவது, இக்கதைகளிலே கண்டிப்பு மேலிருந்து தொடங்குகின்றது. மகுடம் தரித்தவன் தன் மகனையும் தன்னையுமே அளவுகோலுக்கு உட்படுத்துகின்றான். எண்ணமின்றி நேர்ந்ததற்கும் பொறுப்பேற்றல் உயர்ந்த அறமே. ஆனால் அது ஒருவர் தாமாக ஏற்கும்பொழுதே அறத்தின் உயர்வைப் பெறுகின்றது. வலியவர் தம் பொறுப்பைக் கழற்றி எளியவரின் தோளில் ஏற்றிவிட்டு அதே கண்டிப்பைக் கோருவாராயின், அதனை மனுநீதி என அழைத்தல் பொருந்தாது. வாடகைக்கு வண்டி கொடுத்தவர் பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட்டிருக்கலாம். பாதையைச் செப்பனிட வேண்டியவர் பல்லாண்டுகளாக அதனைக் கவனியாது விட்டிருக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் நீடித்ததனாலும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உதிரிப்பாகங்களின் விலை ஏறியமையாலும், பழைய வண்டிகளே தொடர்ந்து ஓட வேண்டியதாயிற்று. இவையனைத்தும் திரண்டு வந்து நிற்குமிடம் சாரதியின் பெயர் எழுதப்பட்ட ஒரு சீட்டேயாம்.

பொறுப்பின் எல்லையைப் பற்றிச் சிந்தித்தோர் நெடுங்காலமாகவே அறியாமையை இருவகைப்படுத்தியுள்ளனர். அரிஸ்ரோட்டில் தமது ஒழுக்கவியல் நூலில், அறியாது செய்தவரை மன்னிக்கலாம் எனினும், கவனமின்மையால் அறியாதிருந்தவர் அவ்வறியாமைக்கே பொறுப்பாளர் என விளக்கினார். ஆங்கிலச் சட்டமும் இவ்வேறுபாட்டைத் தொட்டுள்ளது. பாதசாரிக் கடவையில் வண்டியை நிறுத்தத் தவறியமை பற்றிய பேர்ண்ஸ் எதிர் பிடர் என்னும் 1967ஆம் ஆண்டு வழக்கில், பிரேக் திடீரெனச் செயலற்றுப்போதல் போன்ற, சாரதியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட மறைந்த குறை அவரைக் குற்றத்தினின்றும் விடுவிக்கக்கூடும் எனக் கூறப்பட்டது. ஆனால் 1969ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்த்த ஹென்டர்சன் வழக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. மலைச்சரிவில் இறங்கிய லொறியொன்றின் பிரேக் குழாய், கண்ணுக்குப் புலப்படாத பகுதியில் அரிக்கப்பட்டு உடைந்து ஒருவரின் உயிரைப் பறித்தது. மறைந்த குறை என்று கூறுதல் மட்டும் போதாது எனவும், அவ்வாகனத்தின் பயன்பாட்டு வரலாற்றை முன்வைத்துத் தாம் உரிய கவனஞ் செலுத்தியமையை உரிமையாளரே காட்டுதல் வேண்டும் எனவும் அங்குத் தீர்மானிக்கப்பட்டது.

அறநோக்கில் வழக்காடுதல் எத்தகையது என்பதை இங்கிருந்து வரையறுக்க முடியும். உண்மையாக வழக்காட விரும்புபவர் மூன்று நிபந்தனைகளை நிறைவேற்றுதல் வேண்டும். நிகழ்ந்ததை மறுக்காதிருத்தல் முதலாவது. விளக்கு எரியவில்லை எனின் எரியவில்லை என்றே கூறுதல் வேண்டும். நீதிமன்றத் தவணை வருமுன்னரே குறையைத் திருத்திவிடுதல் இரண்டாவது. வழக்கு முடியும்வரை குறையை அப்படியே வைத்திருப்பவர், தம் பெயரைக் காத்துக்கொள்ள முயல்கிறாரேயன்றிப் பயணிகளைக் காக்க முயலவில்லை. தாம் செய்யக் கூடியதாயிருந்த கவனத்தைச் செய்தமையைக் காட்டுதல் மூன்றாவது. புறப்படுமுன் சோதித்தமை, பழுதுபார்த்த நாள், உரிமையாளரிடம் கூறியமை ஆகியனவே அவரது சான்றுகள். இம்மூன்றும் நிறைவேறுமாயின், வழக்காடுதல் பொறுப்பினின்றும் தப்பியோடுதல் ஆகாது. பொறுப்பு எவ்வளவு, எவருக்கு உரியது என உரியவர் முன்னிலையிற் கணக்கிடுவதே அதன் பொருளாகும். இம்மூன்றும் இல்லாதவிடத்து வழக்காடுதல் வெறும் தந்திரமாகவே முடியும்.

குறையை ஏற்று, குற்றத்தை மறுக்கும் இம்மனநிலை புதுமையானதன்று. 1917 ஏப்பிரலில் சம்பாரண் மாவட்டத்தை விட்டு வெளியேறுமாறு இடப்பட்ட கட்டளையை மீறியதற்காக மோதிகாரி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட காந்தியடிகள், மீறியமையை மறைக்கவில்லை. தம் மனச்சாட்சிக்குப் பணிந்தே மீறியதாகக் கூறினார். பின்னர் அவ்வழக்கு மீளப்பெறப்பட்டது. அவர் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபொழுது பதுளைக்கும் வருகை தந்தார். சம்பாரண் வழக்கும் பின்விளக்கு வழக்கும் தன்மையிற் பெரிதும் வேறுபட்டவை. ஒன்று அறிந்து செய்த மீறல். மற்றது அறியாது நேர்ந்த குறை. எனினும், நிகழ்ச்சியை ஒப்புக்கொள்வதும் குற்றவுணர்வை ஒப்புக்கொள்வதும் வெவ்வேறு செயல்கள் என்னும் பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

இனி, அவ்விளைஞர் இம்மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுப்பாராயின் அதற்கு அவர் கொடுக்கும் விலை யாது? தண்டம் பெரும்பாலும் சில நூறு ரூபாவிலிருந்து சில ஆயிரம் ரூபா வரையிலானது. வழக்கோ அதனினும் பெருஞ்செலவு வைப்பது. நீதிமன்றத்துக்குச் செல்லும் நாளின் வருமானம் இல்லை; வண்டியின் வாடகையை மட்டும் கொடுத்தே ஆகவேண்டும். சட்டத்தரணியின் கட்டணம், போக்குவரத்து, மீண்டும் மீண்டும் இடப்படும் தவணை ஆகியன வேறு. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்டதை நினைவிற் கொண்டால், இக்கணக்கு அத்தகைய குடும்பமொன்றுக்கு எத்துணைப் பாரமானது என்பது விளங்கும். 2018 யூலையில் 33 வகைக் குற்றங்களுக்குத் தண்டத் தொகைகள் திருத்தி அமைக்கப்பட்டன. 2025இல் கைப்பேசி வழியே தண்டம் செலுத்தும் முறையும் அறிமுகமாயிற்று. பணஞ் செலுத்தும் வழி ஆண்டுக்காண்டு சுருங்கி வந்துள்ளது. உண்மையைக் கூறச் செல்லும் வழியோ முன்னிருந்த நீளத்திலேயே கிடக்கின்றது. ஒருவர் தம்மைக் குற்றவாளி என ஏற்பதற்குக் காரணம் குற்றவுணர்வாகவன்றிக் கூட்டல் கழித்தலாகவே இருக்குமாயின், அவ்வொப்புதலின் அறப்பெறுமதி யாது என்பது சிந்திக்கத்தக்கது.

மொழியும் இவ்விலையை உயர்த்துகின்றது. 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நீதிமன்றத்தில் வழங்கும் மொழியை அறியாதவர் அரசின் செலவில் உரைபெயர்ப்பைப் பெறும் உரிமையை அரசியலமைப்பு வழங்குகின்றது. பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. இவை யாவும் மதிக்கத்தக்க ஏற்பாடுகள். ஆயின், இரவு நேரத்தில் கைவிளக்கின் ஒளியிற் சிங்களத்தில் எழுதி நீட்டப்படும் சீட்டை வாசிக்க இயலாத ஒருவர் அதிலே கையொப்பமிடும்பொழுது, தாம் எதனை ஏற்றுக்கொள்கின்றார் என்பதே அவருக்குத் தெரியாது. அறிந்து ஏற்காத ஒப்புதல் ஒப்புதலாகுமா என்பது தத்துவ நூல்களில் மட்டும் எழும் வினாவன்று.

மலையக மக்களின் வரலாறும் இவ்விடத்தில் நினைக்கப்படுதல் வேண்டும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், தொழிலாளி அனுமதியின்றி வேலையை விட்டு நீங்குதலையும் வேலையைப் புறக்கணித்தலையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. தொழில் வழங்குநருடன் எழுந்த பிணக்கு அங்குக் குற்றமாக உருமாறியது. கடனைத் தீர்த்ததற்கான துண்டு இல்லாதவரைப் பிறிதொரு தோட்டம் ஏற்காத முறை 1921 வரை நிலவியது. எடை குறைந்த நாளில் அரைப்பேர் போடுதல் அதன்பின்னரும் தொடர்ந்த வழக்கம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட சமூகத்துக்கு, அரசாங்கத்தின் காகிதம் ஒவ்வொன்றும் அஞ்சி நோக்கத்தக்க பொருளாகவே இருந்தது. எவரோ எழுதிய காகிதம் தன் வாழ்வைத் தீர்மானிக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட மக்கள், கொடுத்துவிட்டு ஒதுங்குதலே அறிவுடைமை எனக் கருதியதில் வியப்பில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோர்க்கும் பிரசாவுரிமையை வழங்கிற்று. ஆனால், பிரசை என்னும் சொல் வாக்குச் சீட்டைப் பெறுபவரை மட்டும் குறிப்பதன்று. தனக்கெதிரே எழுதப்பட்ட ஒரு வரியைப் பார்த்து, இது முழு உண்மையன்று எனக் கூறும் துணிவும் அச்சொல்லின் பொருளுள் அடங்கும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். அவ்வாறாயின் பணத்தைச் செலுத்திவிட்டு வீடு திரும்பும் ஏழைச் சாரதி கோழையா? அறத்தினின்றும் வழுவியவரா? அவ்வாறு கூறுதல் கொடுமையாகும். பிள்ளைகளின் உணவைப் பணயம் வைத்து ஒருவர் தத்துவத்தை நிலைநாட்ட வேண்டும் எனக் கோருவதற்கு எவருக்கும் உரிமையில்லை. செலுத்துதல் அவருக்கு விவேகம், அதிற் பழியில்லை. ஆனால், அவ்விவேகத்தின் விளைவை நீதி எனப் பெயரிட்டு அழைக்காதிருத்தல் வேண்டும். மேலும், வழக்காடும் கடமை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதன்று; இயன்றவர்மீதே மிகுதியாக விழுகின்றது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் சில வீதிக் குற்றங்களுக்கு 25,000 ரூபா தண்டம் விதிக்க அரசு முற்பட்டபொழுது தனியார் பஸ் துறையினர் வேலைநிறுத்தத்தின் மூலம் அதனை எதிர்த்தனர். கூட்டமாக நிற்கக்கூடியவரின் குரல் கொழும்பு வரை எட்டியது. தனியொரு சாரதிக்கு அத்தகைய கூட்டம் இல்லை. அவருக்குத் தேவைப்படுவது சீட்டை வாசித்துக் கூறும் ஒருவர், நீதிமன்றப் படிவரை உடன்வரும் ஒருவர், எதனைக் கூறலாம் எதனைக் கூறலாகாது என நேர்மையுடன் எடுத்துரைக்கும் ஒருவர். லயன்களிலிருந்து பல்கலைக்கழகம் வரை வந்துள்ள இளைஞர்களும், சட்டமும் மொழியும் கற்றோரும் இக்கடனை உணர்தல் தகும். கற்ற கல்வி பட்டமளிப்பு விழாவுடன் முடிந்துவிடாது. அக்கல்விக்காகக் கொழுந்து பறித்த கைகளுக்கு அது ஒரு கடிதத்தையேனும் வாசித்துக் காட்டுதல் வேண்டும்.

அரசின் கடனும் உண்டு. தபாலகத்திற் பெற்ற பற்றுச்சீட்டு, பணம் செலுத்தப்பட்டதற்குச் சான்றேயன்றி, விளக்கு எரிகின்றது என்பதற்குச் சான்றாகாது. தண்டத்தைச் செலுத்திய அன்றிரவே அதே வண்டி அதே குறையுடன் அதே வளைவுகளிற் செல்லக்கூடுமாயின், தண்டத்தினாற் பயணிகள் பெற்ற பாதுகாப்பு யாது? பிரித்தானியாவில் வாகனக் குறை திருத்தத் திட்டம் என்னும் முறை உண்டு. சிறு குறையுடன் பிடிபட்ட சாரதிக்குப் பதினான்கு நாட்கள் வழங்கப்படுகின்றன. அந்நாட்களுக்குள் குறையைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற வாகனப் பரிசோதனை நிலையத்தின் சான்றைச் சமர்ப்பித்தால் வழக்கு இல்லை. கலிபோர்னியாவிலும் திருத்தியமைக்குச் சான்று காட்டிச் சிறுதொகையொன்றைச் செலுத்துவதோடு முடியும் வகைக் குற்றங்கள் உள்ளன. இங்கும் நாட்களின் எண்ணிக்கை பதினான்கே. அங்கே அது திருத்துவதற்கான தவணை. இங்கே அது செலுத்துவதற்கான தவணை. விளக்கு, ஒலிப்பான், கண்ணாடி போன்றவற்றின் குறைகளுக்கு அதே பதினான்கு நாட்களைத் திருத்துவதற்கென வழங்கினால், சாரதியின் பணம் அவரது வண்டிக்கே செல்லும். பிரேக்கும் சுக்கானும் சக்கரமும் இச்சலுகைக்குள் அடங்கா. அவற்றிற் குறை காணப்பட்டால், எவருடைய குற்றமாயினும், வண்டி அவ்விடத்தினின்றும் அசைதல் கூடாது. எல்லாளனின் இரு நிகழ்ச்சிகளும் காட்டிய வேறுபாடு இதுவேயாம்: மீட்க முடியாததை விளைவிக்கக்கூடிய குறைக்குக் கண்டிப்பு, மீட்கக் கூடியதற்குத் திருத்தம்.

முடிவாக நோக்குமிடத்து, குறையுள்ள வாகனத்தின் சாரதிக்கு இரு கடன்கள் உள. ஒன்று தம் வண்டியில் ஏறுவோர்க்கும் வீதியில் வருவோர்க்கும் உரியது. அதனைத் திருத்துதலாலன்றி வேறெதனாலும் தீர்க்க முடியாது. மற்றது உண்மைக்கு உரியது. தாம் செய்ததை ஏற்று, செய்யாததை மறுத்தலே அதனைத் தீர்க்கும் வழி. தண்டத்தைச் செலுத்துவதனால் மட்டும் இவ்விரண்டில் ஒன்றும் தீர்ந்துவிடுவதில்லை. வழக்கில் வெல்வதனால் மட்டும் தீர்ந்துவிடுவதுமில்லை. நீதவான் சுற்றவாளி எனத் தீர்ப்பளித்தாலும், பின்விளக்கு எரியாத வண்டியில் வீடு திரும்புபவர் முதலாவது கடனைச் செலுத்தாதவரே. குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டாலும், விளக்கைத் திருத்தி, உண்மையைத் திரிக்காது கூறித் திரும்புபவர் தம் கடனைச் செலுத்தியவரே. பசறை வீதியில் அடுத்த இரவு பயணஞ் செய்யவிருக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் வேண்டுவன எரியும் விளக்கொன்றும், அதனைச் சோதித்துப் பார்த்துப் புறப்படும் சாரதி ஒருவருமேயாம். அச்சாரதி தம் சொல்லுக்கு நீதிமன்றத்தில் மதிப்புண்டு என நம்பி வாழக்கூடிய நிலையை உருவாக்குதல் ஏனையோரின் பொறுப்பாகும்.